‘தெரியாது’ என்பதும் ஒரு தீர்ப்பே

மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் சந்துகளில் மாலை வேளையில் நடப்பவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருக்கக்கூடும். குழாயடியில் குடங்கள் வரிசையாய் நிற்கும். அதனருகே மூன்று நான்கு இளைஞர்கள் கைப்பேசியை நீட்டிப் பிடித்தவண்ணம் நின்றுகொண்டிருப்பார்கள். “பிள்ளைகள் பொழுதை வீணாக்குகின்றன” என்று பெரியவர்கள் கடிந்துகொள்வது வழக்கம். அங்ஙனம் கடிந்துகொண்டவர்களில் நாமும் ஒருவராயிருந்தோம். ஆயினும் அவ்விளையாட்டினுள் அடங்கியுள்ள ஒரு பணியை அறிந்தபின் நம் எண்ணம் மாறிற்று. அது, முன்பின் காணாத ஓர் இடத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறும் பணி.

வரலாற்றைச் சிறிது கூறுவோம். கூகுள் நிறுவனத்தினுள் 2010-ஆம் ஆண்டில் தோன்றி, 2015-இல் தனி நிறுவனமான நியாண்டிக், 2012-இல் ‘இங்கிரெஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. தெருவில் உண்மையாகவே உள்ள கோயில், சிலை, நூலகம், பூங்கா முதலியவை அவ்விளையாட்டின் நிலையங்களாயின. அவற்றுள் பலவற்றை ஆடுபவர்களே படமெடுத்து அனுப்பினர். 2016-இல் வெளிவந்த ‘போக்கிமான் கோ’ அந்நிலையங்களையே பெருமளவில் பயன்படுத்திக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் அது நம் நாட்டிற்கும் வந்தது. புதிய இடங்களை ஆராய்ந்து ஏற்பதற்கும் மறுப்பதற்கும் 2019 அக்டோபரில் ‘வேஃபேரர்’ என்னும் அமைப்பு ஏற்பட்டது. குறிப்பிட்ட நிலையை எட்டிய ஆட்டக்காரர்கள் ஒரு சிறு தேர்வில் தேறி அதில் பங்குகொள்ளலாம். பிள்ளைகளின் வற்புறுத்தலால் ஆடத் தொடங்கிய நாமும், நடந்து நடந்து அந்நிலையை எட்டி, தேர்விலும் தேறினோம்.

பரிசீலிப்பவரின் முன் வருபவை சிலவே: இடத்தின் படம் ஒன்று, சுற்றுப்புறத்தைக் காட்டும் படம் ஒன்று, அனுப்பியவர் எழுதிய சில வரிகள், வரைபடத்தில் ஒரு புள்ளி. இவற்றைக் கொண்டு பல வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். இடம் உண்மையில் உள்ளதா? நடந்து சென்று சேரத்தக்கதா? நிலையானதா? தனியார் வீடாகவோ பள்ளிக்கூடமாகவோ உள்ளதா? மக்கள் கூடுவதற்கோ, உடலுழைத்துப் பயில்வதற்கோ, புதிதாய் ஒன்றைக் காண்பதற்கோ உரியதா?

இனி நம் பிழையைக் கூறிவிடுகிறோம். ஒரு நாள் லேபர் கேம்ப்பின் சந்து ஒன்றிலிருந்து ஒரு விண்ணப்பம் நம் முன் வந்தது. தகரக் கூரையின்கீழ் மஞ்சள் பூசிய ஓர் அம்மன் கல். பக்கத்தில் தண்ணீர்ப் பீப்பாய், சமையல் எரிவாயு உருளை, கொடியில் உலரும் துணிகள். “கோயில். மிகப் பழையது” என்பதற்குமேல் விளக்கம் ஒன்றுமில்லை. வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தோம். கூரையோடு கூரை ஒட்டிக் கிடந்தது. தெருக்காட்சிப் படங்கள் நம் நாட்டில் 2022-இல்தான் மும்பை உட்படப் பத்து நகரங்களில் தொடங்கின. அப்படமெடுக்கும் ஊர்தி நுழையக்கூடிய அகலம் அச்சந்திற்கு இல்லை. “இது யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணை” என்று முடிவுகட்டி, மறுத்துவிட்டோம்.

சில மாதங்களுக்குப்பின் துக்கம் விசாரிக்க அச்சந்திற்கே செல்ல நேர்ந்தது. ஆடி மாதம். அதே தகரக் கூரையின்கீழ்ச் சந்துப் பெண்கள் அனைவரும் கூடிக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தனர். பீப்பாயும் உருளையும் அடுத்த வீட்டினுடையவை. கல் ஊர்ப் பொது. நம் ஒருவரது வாக்கினால் மட்டும் அவ்விண்ணப்பம் தள்ளப்பட்டிராது. பலருடைய வாக்குகளைச் சேர்த்தே முடிவு எடுக்கப்படுகிறது. எனினும் நம் நெஞ்சு உறுத்திற்று. நாம் கண்டது உருளை, ஊகித்தது வீடு. ஊகத்தைக் கண்டதாகப் பதிந்துவிட்டோம். இத்தனைக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றோடு ‘தெரியாது’ என்று விடையளிக்கவும் அங்கே இடம் இருந்தது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முதியோர் சொல்வதுண்டு. தீர விசாரிப்பது எவ்வாறு? நம் அனுபவத்தில் கண்ட சிலவற்றை இளைஞர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, ஐயங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. “இது சிறப்பான இடமா?” என்பது ஒருவகை ஐயம். “இதனால் பிறர்க்குத் துன்பம் நேருமா?” என்பது வேறுவகை. முன்னதில் தாராளமாக நடக்கலாம். பின்னதில் எச்சரிக்கை வேண்டும். போக்கிமான் கோ வெளிவந்த 2016-லேயே, அயலார் வீட்டெல்லையில் அத்துமீறுகிறார்கள் என்று அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர். 2019-இல் வெளியான சமரச ஏற்பாட்டில், தனிவீட்டு உரிமையாளர் முறையிடும்போது 40 மீட்டர் என்ற அளவு கணக்கில் கொள்ளப்பட்டது. லேபர் கேம்ப்பில் 40 மீட்டருக்குள் எத்தனை குடும்பங்கள்! அவ்வளவுகோல் இங்கே பொருந்தாது; ஆதலின் மனிதர் தம் பகுத்தறிவைக்கொண்டு அளக்க வேண்டியிருக்கிறது. அதே 2016-இல், விளையாட்டின் முட்டைகள் வழிபாட்டிடங்களில் தோன்றுவது பக்தர் மனத்தைப் புண்படுத்துகிறதென்று குஜராத் உயர்நீதிமன்றத்தில் பொதுநல மனு வந்தது; நீதிமன்றமும் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பிற்று. விளையாட்டுத்தானே என்று தள்ளிவிட இயலாது.

இரண்டாவது, சான்று இல்லாமை வேறு, எதிர்ச்சான்று இருத்தல் வேறு. தெருக்காட்சியில் தென்படவில்லை என்பதாலேயே ஓர் இடம் இல்லாமற் போய்விடாது. படத்தில் உள்ள பெயர்ப்பலகை, கல்வெட்டு, அருகிலுள்ள கடையின் பெயர் ஆகியவற்றை வேறு வரைபடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பலகை மராத்தியிலோ உருதுவிலோ இருப்பின், அம்மொழி அறிந்த அண்டைவீட்டாரைக் கேட்கலாமே! நம் தமிழ்ப் பலகையைப் படிக்கத் தெரியாத ஒருவர் அதை அலட்சியமாகத் தள்ளினால் நமக்கு வருத்தம் உண்டாகுமன்றோ?

மூன்றாவது, பழமையையும் பெயரையும் அப்படியே நம்பிவிடலாகாது. தாராவியிலுள்ள ‘காலா கில்லா’ என்னும் சிறு கோட்டையே தக்க எடுத்துக்காட்டு. ரிவா கோட்டை என்றும் அதற்குப் பெயர் உண்டு. ஆகவே ஒரே கோட்டை இரு பெயர்களில் இருமுறை வரக்கூடும். 1677-இல் மறைந்த ஆளுநர் ஜெரால்டு ஆஞ்சியர் கட்டியது என்று கூறுவாருளர்; கோட்டைக் கல்லிலோ ஆளுநர் ஜான் ஹார்ன் பெயரும் 1737 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லில் உள்ளதை எழுதுவோர் பிழைபடார்.

நான்காவது, பிறர் என்ன வாக்களிப்பர் என்று கணக்கிட்டு வாக்களித்தல் தகாது. பெரும்பான்மையோடு ஒத்துப்போகும் பரிசீலகர்க்கு நன்மதிப்பு ஏறுவதால் அந்த ஆசை எவர்க்கும் எழும். பத்துப் பேர் ஒருவரையொருவர் ஊகித்து அளிக்கும் பத்து வாக்குகளும் ஒரே ஊகமாய் முடியும்; அங்கே பார்த்தவர் ஒருவரும் இரார்.

நிலைபேறு பற்றியும் ஒரு சொல். தாராவி மறுசீரமைப்பிற்காக 2024-இல் வீடுகளைக் கணக்கெடுக்கும் பணி தொடங்கியதுமுதல், “எங்கள் சந்தே நிலைக்குமா?” என்னும் கவலை பலர்க்கு உண்டு. நாளை மாறக்கூடும் என்பதற்காக இன்று இருப்பதை மறுக்க வேண்டுவதில்லை. சில நாளில் பிரித்துவிடும் திருவிழாப் பந்தல் வேறு. தலைமுறையாக விளக்கேற்றும் கல் வேறு.

இடங்களை அனுப்பும் இளைஞர்களுக்கும் கடமை உண்டு. பரிசீலிப்பவர் நம் சந்தை அறியாதவர் என்பதை நினைவிற் கொள்க. சந்து முனையும் நடைவழியும் தெரியுமாறு இரண்டாவது படத்தை எடுங்கள். யார் பராமரிக்கிறார்கள், எந்நாளில் மக்கள் கூடுகிறார்கள் என்பவற்றை இரண்டு மூன்று வரிகளில் எழுதுங்கள். தெரியாத ஆண்டைக் கற்பித்து எழுதாதீர்கள். அருகில் குடியிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டபின் அனுப்புவதே முறை. அந்நியர் வந்து நிற்கப்போவது அவர்கள் வாசலில் அன்றோ?

அந்த அம்மன் கல் இன்னும் எவ்விளையாட்டிலும் ஏறவில்லை. அதனால் அவளுக்குக் குறைவொன்றுமில்லை. சந்துப் பிள்ளைகள் மீண்டும் அனுப்பப் போகிறார்களாம்; பாட்டிமார்களைக் கேட்டு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அது எப்போது நட்டது என்று கேட்டதற்கு ஒரு பாட்டி, “நான் வாக்கப்பட்டு வந்தப்பவே இருந்துச்சு” என்றாராம். அதையே அப்படியே எழுதும்படி கூறியிருக்கிறோம்.