மறதிநோயுள்ள பெரியவரின் பிறந்தநாள்: தாயப் பலகையைச் சுற்றி ஒரு காலைப்பொழுது

மறதிநோயாளிகளை முதியோர் மருத்துவப் பிரிவுக்கு அழைத்து வரும் குடும்பத்தினர், மருந்துகளைப் பற்றிய ஐயங்களெல்லாம் தீர்ந்து எழுந்த பிறகு, கதவருகே நின்று கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அப்பாவுக்கு அடுத்த மாதம் எண்பது முடிகிறது. விழா வைக்கலாமா, வேண்டாமா?" கேட்பவர் பெரும்பாலும் மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். மண்டபம் பிடித்து ஊரையே அழைக்க வேண்டும் என்பது உறவினரின் விருப்பம். அத்தனை பேர் முன்னிலையில் அப்பா யாரையேனும் அடையாளம் தெரியாமல் எதையாவது சொல்லிவிடுவாரோ என்பது வீட்டாரின் அச்சம். இவ்விரண்டுக்கும் நடுவே, பல வீடுகளில் ஒன்றும் செய்யாமலேயே அந்த நாள் கடந்துபோகிறது.

வைக்கலாம் என்பதே என் பதில். ஆனால் மண்டபத்தில் அன்று. வீட்டில், காலை வேளையில், ஏழெட்டுப் பேருடன், நடுவே ஒரு விளையாட்டுப் பலகையை வைத்துக் கொண்டாடுங்கள். விளையாட்டு எதற்கு என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன். காரணம் புரிந்துவிட்டால் மற்ற ஏற்பாடுகளை நீங்களே முடிவுசெய்துகொள்ள முடியும்.

வழக்கமான பிறந்தநாள் கூட்டம் என்பது பேச்சால் ஆனது. வந்தவர் யார், அவர் பிள்ளைக்கு எப்போது திருமணம் நடந்தது, போன முறை எங்கே சந்தித்தோம் என்று அடுக்கடுக்காக வரும் உரையாடலைத் தொடர்வதற்கு அண்மைக்கால நினைவு வேண்டும். டிமென்ஷியா எனப்படும் மறதிநோயின் வகைகளுள் மிகுதியாகக் காணப்படும் அல்சைமர் நோய், முதலில் தாக்குவது பெரும்பாலும் அந்த நினைவைத்தான். புதிய செய்திகளைப் பதிவுசெய்யும் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியும் அதனைச் சூழ்ந்த பகுதிகளும் தொடக்கத்திலேயே நலிவடைகின்றன. ஆனால் சைக்கிள் ஓட்டுதல், பூத்தொடுத்தல், கோலமிடுதல், சோழி உருட்டுதல் போன்று கைக்குப் பழகிப்போன செயல்கள் வேறு வழியில் சேமிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை மூளையின் அடியாழத்திலுள்ள நரம்புத் திரள்களும் சிறுமூளையும் தாங்குகின்றன. நோயின் தொடக்க, நடுக் கட்டங்களில் இவை ஒப்பீட்டளவில் நன்றாகவே இயங்கும்.

இந்த வேறுபாட்டை மருத்துவ உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். வலிப்புநோய்க்காக 1953 இல் அவருடைய மூளையின் இருபுறத்திலும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. அதன்பின் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த அவரால் இயலவில்லை. பிரெண்டா மில்னர் என்னும் உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் தெரியும் விண்மீன் வடிவத்தைப் பார்த்தபடியே கோடு வரையச் சொன்னார். நாளுக்கு நாள் அவர் கை தேர்ச்சி பெற்றது. முந்தைய நாள் வரைந்தோம் என்பதோ அவருக்கு ஒருபோதும் நினைவிருந்ததில்லை. மகனின் பெயரை மறந்த அம்மா பல்லாங்குழியில் முத்துகளை ஒன்றும் தவறாமல் குழிக்கு ஒன்றாக இட்டுச்செல்வதைக் கண்டு வியக்கும் குடும்பத்தினரிடம் நான் இந்த வரலாற்றைத்தான் சொல்வேன்.

விளையாடினால் நோய் குணமாகிவிடுமா என்று உடனே கேட்பார்கள். குணமாகாது. பிரான்சின் போர்தோ நகர்ப் பகுதியில் 3,675 முதியவர்களை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2013 இல் வெளிவந்தது. சீட்டு, பலகை விளையாட்டுகளை வழக்கமாக ஆடியவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு 15 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. எனினும் ஆய்வின் தொடக்கத்தில் அவர்களுக்கிருந்த அறிவுத்திறனையும் மனச்சோர்வையும் கணக்கில் கொண்டபோது அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. நல்ல மூளைத்திறன் உடையவர்களே விளையாட அமர்ந்தார்கள் என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆகவே விளையாட்டை மருந்தாக விற்பவர்களிடம் பணம் கொடுக்க வேண்டாம். பிறந்தநாளன்று ஒருவர் தம் வீட்டாருடன் ஒன்றரை மணி நேரம் இயல்பாக அமர்ந்திருக்க அது வழி செய்யும். அந்த அளவில் அது போதும்.

இனி எந்த விளையாட்டு என்பது. புதிதாக வாங்கிய விளையாட்டு எதுவும் உதவாது. இளமையில் அவர் கை எதில் பழகியதோ, அதுவே வேண்டும். தாயம், பல்லாங்குழி, பரமபதம், கேரம், சீட்டு என்று வீட்டுக்கு வீடு மாறும். வீட்டில் எவருக்கும் தெரியாவிட்டால் அவருடைய தம்பி தங்கையரைக் கேளுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒன்றும் உண்டு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பியவர்களின் குடும்பங்கள் நிறைந்த புதுச்சேரியில், பெத்தாங்க் என்னும் இரும்புக்குண்டு எறியும் விளையாட்டு இன்றளவும் ஆடப்படுகிறது. அதன் பிறப்பே ஒரு நோயாளியை முன்னிட்டு நிகழ்ந்தது என்பது பலருக்குத் தெரியாது. மார்செய் நகருக்கு அருகிலுள்ள லா சியோத்தாவில் ழூல் லெனுவார் என்றொரு ஆட்டக்காரர் இருந்தார். ஓடிவந்து குண்டெறியும் பழைய ஆட்டத்தில் வல்லவரான அவரை மூட்டுநோய் முடக்கிப்போட்டது. 1907 ஆம் ஆண்டளவில் அவருக்காக விதி மாற்றப்பட்டது. ஓட்டம் நீக்கப்பட்டது, தூரம் குறைக்கப்பட்டது, ஒரு வட்டத்துக்குள் இரு கால்களையும் ஊன்றி நின்று எறிந்தால் போதும் என்றாயிற்று. கால் ஊன்றுதலைக் குறிக்கும் சொற்களிலிருந்தே பெத்தாங்க் என்ற பெயரும் வந்தது. ஆட்டத்துக்காக ஆளை ஒதுக்காமல், ஆளுக்காக ஆட்டத்தைத் திருத்தினார்கள். நீங்களும் அவ்வாறே செய்யலாம். 650 கிராமுக்குக் குறையாத இரும்புக்குண்டு வீட்டுக்குள் வேண்டாம், காலில் விழும். உள்ளங்கை அளவில் துணிப்பைகள் தைத்து, அரிசியோ மணலோ நிரப்பி, நாற்காலியில் அமர்ந்தபடியே ஆறேழு அடி தூரத்திலுள்ள வண்ணத் தட்டை நோக்கி எறியச் செய்யுங்கள். பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவரும் இதனை ஆட இயலும்.

தாயம் என்றால், தரையில் கட்டம் வரைந்து பெரியவரைக் கீழே அமர வைக்காதீர்கள். எழும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களை நாங்கள் மிகுதியாகக் காண்கிறோம். கருநிறப் பலகையிலோ அட்டையிலோ வெள்ளைக் கோட்டால் பெரிதாகக் கட்டங்களை வரைந்து மேசைமேல் வையுங்கள். கண்புரையுள்ள கண்ணுக்கும் அது தெரியும். கைகைப் பிடித்து உருட்டிவிடுவதைக் காட்டிலும், கைநடுக்கம் உள்ளவரிடம் தாயக்கட்டையை ஒரு எவர்சில்வர் டம்ளரிலிட்டுக் குலுக்கிக் கவிழ்க்கக் கொடுப்பது மேல். நடுக்கம் அங்கே ஒரு குறையாகத் தோன்றாது. நன்றாகக் குலுக்குகிறார் என்றே குழந்தைகள் எண்ணும்.

பல்லாங்குழி ஆடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. பழைய பெட்டிகளில் முத்துகளாகக் குன்றிமணி கிடப்பதுண்டு. செந்நிறத்தில் கருப்புக் கண்ணுடன் அழகாக இருக்கும் அந்த விதைக்குள் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. மென்றாலோ, துளையிட்ட மணியை விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து. மறதிநோய் முற்றிய நிலையில் கைக்கு வந்ததை வாயிலிடும் பழக்கம் ஏற்படும். வந்திருக்கும் சிறு குழந்தைகளும் அவ்வாறே செய்வார்கள். குன்றிமணியை வீட்டிலிருந்தே அகற்றிவிடுங்கள். புளியங்கொட்டையும் சோழியும் நஞ்சற்றவை எனினும் மூச்சுக்குழலை அடைக்கக்கூடியவை. வாயிலிடும் பழக்கம் தொடங்கிவிட்டவருக்குப் பல்லாங்குழியைத் தவிர்த்துத் துணிப்பை ஆட்டத்தையே தேர்ந்தெடுங்கள்.

விளையாட்டுகளுள் ஒன்றை மட்டும் முற்றிலும் தடைசெய்ய விரும்புகிறேன். அது நம் வீடுகளில் மிகப் பரவலாக ஆடப்படுவது: "நான் யாரென்று சொல்லுங்கள், பார்ப்போம்!" உள்ளே வரும் ஒவ்வொருவரும் அன்பினால்தான் இதைக் கேட்கிறார்கள். கேட்கப்படுபவருக்கோ அது பத்துப் பேர் முன்னிலையில் நடக்கும் தேர்வு. ஒவ்வொரு முறையும் தோற்கிறார். தாம் தோற்கிறோம் என்பது மட்டும் அவருக்கு நன்றாகவே விளங்குகிறது. சிலர் சிரித்து மழுப்புவார்கள். சிலர் சினந்து எழுந்து அறைக்குள் சென்றுவிடுவார்கள். வருபவர்களுக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: எதிரில் வந்து, கண் பார்த்து, "பெரியப்பா, நான் உங்கள் தம்பி மகள் வந்திருக்கிறேன்" என்று உறவையும் சேர்த்துத் தாமே அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அவர் வேறு பெயரால் அழைத்தால் அந்தப் பெயருக்கே பதில் கொடுக்கலாம்.

ஆட்டத்தில் விதிமீறலையும் இதே மனப்பான்மையுடன் அணுகுங்கள். காயைப் பின்னோக்கி நகர்த்தினால் நகர்த்தட்டும். எண்ணை மாற்றிச் சொன்னால் அதுவே எண். ஆனால் அவரை வெல்ல வைப்பதற்காக எல்லாரும் கூடி வேண்டுமென்றே தோற்பது வேறு. பஞ்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், பேரன் வெட்ட வேண்டிய காயை வெட்டாமல் விட்டதைக் கண்டு, "ஒழுங்காக ஆடு, இல்லையென்றால் எழுந்து போ" என்றாராம். அன்று என்ன கிழமை என்று அவரால் சொல்ல இயலாது. அவர் மகள் இதனைச் சொல்லிச் சிரித்தார். பல மாதங்களுக்குப்பின் அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

வேளையைப் பற்றிச் சில சொற்கள். மறதிநோயாளிகளுள் பலருக்கு மாலை மயங்கும் நேரத்தில் குழப்பமும் படபடப்பும் மிகும். ஆகவே காலைச் சிற்றுண்டிக்குப்பின், பத்து மணியளவில் தொடங்கி நண்பகலுக்குள் முடித்துவிடுங்கள். தொலைக்காட்சியையும் பாட்டையும் நிறுத்திவையுங்கள். காதுக்கருவியும் கண்ணாடியும் அணிந்திருக்கிறாரா என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அதனாலேயே வருகிறது. பார்க்கின்சன் நோய்க்காக லெவோடோபா உட்கொள்பவருக்கு, மாத்திரை வேலைசெய்யத் தொடங்கும் நேரத்தில் ஆட்டம் அமைய வேண்டும். பொதுவாக உட்கொண்ட அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அது நிகழும். கூட்டத்தில் அமைதியாக இருக்கட்டும் என்று தூக்க மாத்திரையைக் கூடுதலாகக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். தடுமாறி விழுவதற்கும் புரையேறுவதற்கும் அதுவே காரணமாகிவிடும்.

தீபம் ஏற்றுவதா, மெழுகுவத்தியை ஊதுவதா என்பது உங்கள் வீட்டு வழக்கம். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர் அருகில் இரண்டுமே கூடாது. விழுங்குவதில் சிரமமுள்ளவருக்கு முறுக்கு, மிக்சர், வேர்க்கடலை, உலர்ந்த கேக் ஆகியவற்றைத் தவிர்த்து, மென்மையான கேசரியை நிமிர்ந்து அமர வைத்துச் சிறு கரண்டியால் கொடுங்கள். நீர்போன்ற பானங்களே அவர்களுக்குப் பெரும்பாலும் மிகுதியாகப் புரையேறும். சர்க்கரை நோயாளிக்கு ஒரு வாய் இனிப்பால் கேடு வந்துவிடாது. இன்சுலினைப் போட்டுவிட்டு விருந்தினருக்காக உணவைத் தள்ளிப்போடுவதே ஆபத்து. சர்க்கரை தாழ்ந்து வரும் குழப்பத்தை மறதிநோயின் குழப்பம் என்று வீட்டார் எண்ணிவிடுகிறார்கள். ஐயம் எழுந்தால் குளுக்கோமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

சமையலை வெளியில் சொல்லிவிடுவது நல்லது. ஆண்டு முழுவதும் பார்த்துக்கொள்பவர் அன்றும் அடுப்படியிலேயே நின்றால், அவருக்கு அது இன்னொரு வேலைநாள். அவரும் பலகையின் ஒரு பக்கத்தில் அமர வேண்டும்.

எப்போது நிறுத்துவது? மேசை விளிம்பையோ வேட்டி நுனியையோ திரும்பத் திரும்பத் தேய்ப்பது, எழுந்து எழுந்து அமர்வது, சொந்த வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போகலாம்" என்பது ஆகியவை களைப்பின் அடையாளங்கள். இதுதானே வீடு என்று வாதிடாமல், "சரி, போகலாம்" என்று கைப்பிடித்து அமைதியான அறைக்கு அழைத்துச் செல்லுங்கள். விருந்தினர் ஆட்டத்தைத் தொடரலாம். பெரியவர் விரும்பினால் திரும்பி வருவார். விழாவுக்குப்பின் வழக்கத்துக்கு மாறான உறக்கம், திடீரெனக் கூடிய குழப்பம், காய்ச்சல் ஆகியவை தோன்றினால் களைப்பு என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

மறுநாள் அவருக்கு எதுவும் நினைவில்லாமல் போகலாம். "நேற்று யாரெல்லாம் வந்தார்கள், சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். அயோவா பல்கலைக்கழகத்தார் 2014 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அல்சைமர் நோயாளிகளுக்கு மகிழ்ச்சியூட்டும் திரைக்காட்சிகளையும் துயரமூட்டும் காட்சிகளையும் காட்டினார்கள். பார்த்தது என்ன என்பது விரைவில் மறைந்தது. அது விளைவித்த உணர்வோ மறதிக்குப் பின்னும் நீடித்தது. ஆகவே முந்தைய நாளைப் பற்றிக் கேட்காமல், தாயப் பலகையை மேசைமேலேயே விட்டுவையுங்கள். அவராக வந்து அமர்ந்து கட்டையைக் கையிலெடுத்தால், எதிரில் ஒருவர் உட்காருங்கள்.