ஏழு பேர் கப்பல் ஏறினால் நாலு பேருக்குக் குடியுரிமை!

குன்றாண்டார்கோவிலுக்குப் போகிறவர்கள் குன்றைக் குடைந்து செய்த சிவன் கோயிலைப் பார்ப்பார்கள். தேர் போல் அமைந்த மண்டபத்தைப் பார்த்து வியப்பார்கள். அப்படியே சுற்றிலும் உள்ள நிலத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வானம் பார்த்த பூமி அது. குளம் நிறைந்தால் சோறு, நிறையாவிட்டால் பட்டினி.

இப்படிப்பட்ட புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும், திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் ஜில்லாக்களிலிருந்தும்தான் 19-ம் நூற்றாண்டில் ஜனங்கள் சாரை சாரையாகக் கண்டிச் சீமைக்குப் போனார்கள். முதலில் காப்பித் தோட்டம். பிறகு தேயிலைத் தோட்டம்.

அன்று அவர்களிடம் பாஸ்போர்ட் கேட்டவர் யார்? விசா கேட்டவர் யார்? ஒருவரும் இல்லை. ஆள் வேண்டும் என்று கங்காணி வந்தான், கூட்டிக்கொண்டு போனான். இரு கரையிலும் வெள்ளைக்காரன் அதிகாரம். அவ்வளவுதான்.

தலை எண்ணும் படலம்

1911-ல் இலங்கையில் இந்தியத் தமிழர்கள் சுமார் 5,31,000 பேர். 1946-ல் இந்தத் தொகை 7,80,000 ஆயிற்று. 1953-ல் 9,74,000. பத்து லட்சத்தை நெருங்கிவிட்டது!

ஆள் பெருகப் பெருக, உள்ளூர் அரசியல்வாதிகளுக்கு அச்சமும் பெருகியது. 1948-ல் நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த கிழவனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே கிடைக்கும்?

1949-ல் இன்னொரு சட்டம். கலியாணமானவர் ஏழு ஆண்டும், ஆகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இலங்கையில் வசித்ததை நிரூபித்து மனுப் போடலாம் என்றார்கள். 1951 ஆகஸ்டுக்குள் ஏறத்தாழ 2,37,000 மனுக்கள் குவிந்தன. எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களின் கதி அந்தக் காகிதங்களில் இருந்தது. சுமார் பத்து ஆண்டு பரிசீலித்து ஏற்றுக்கொண்டது எத்தனை பேரை? ஏறத்தாழ 1,34,000 பேரை! அதாவது ஆறில் ஒருவருக்குத்தான் யோகம்.

கடை வைத்தவர்களுக்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் தற்காலிக வசிப்பு அனுமதி. தவணை முடியும்போதெல்லாம் அதைப் புதுப்பிக்கும் கவலை. அனுமதி இல்லாதவனுக்கு ஊர் வைத்த பெயர் ‘கள்ளத்தோணி’.

விசித்திரக் கணக்கு

1964 அக்டோபர் 30-ந் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம்! மரக்கால் கொண்டு நெல் அளப்பது போல மனிதர்களை அளந்தார்கள். மிச்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அதோடு ஒரு விகிதமும் வைத்தார்கள். ஏழு பேரை இந்தியா ஏற்றால்தான் நாலு பேருக்கு இலங்கைக் குடியுரிமை. 1971-ல் அதை இன்னும் இறுக்கினார்கள்: இந்தியா பதிவு செய்தால் போதாது, ஏழு பேரும் தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டும். தகுதி முழுவதும் இருந்தும், முன்பின் தெரியாத ஏழு பேர் மூட்டை கட்டும்வரை மனுதாரர் காத்துக் கிடக்க வேண்டியதாயிற்று.

எண்ணிக்கை கூடினால் மனுவின் வாசல் சிறுப்பது இலங்கையோடு நின்ற கதை அல்ல. நம் பக்கத்து இளைஞர்கள் பிழைக்கப் போகும் சிங்கப்பூரிலேயே பார்க்கலாம். 2008-ல் புதிதாக நிரந்தரவாசம் பெற்றவர்கள் சுமார் 79,000 பேர். வெளிநாட்டார் அதிகமாகிவிட்டார்கள் என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். 2010-ல் அது சுமார் 29,000 ஆகச் சரிந்தது. மனுப் போட்டவர்களின் யோக்கியதை இரண்டே ஆண்டில் குறைந்துவிட்டதா, என்ன?

நம் வீட்டு வேலி

இலங்கை ஒருவாறு கணக்கைத் தீர்த்துவிட்டது. 1964 அக்டோபர் முதல் அங்கேயே வசிக்கும் இந்திய வம்சாவளியினரும் அவர்கள் சந்ததியாரும் பிரஜைகளே என்று 2003-ல் சட்டம் செய்தது.

ஆனால் 1983 கலவரத்துக்குப் பிறகு தோணி ஏறி இங்கே வந்தவர்கள்? அவர்களிலும் மலையகத்தார் உண்டு. திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் உள்ள 65 பேர் தங்கள் முன்னோர் இந்தியர் என்று சொல்லிக் குடியுரிமை கேட்டு மதுரை ஐகோர்ட்டுக்குப் போனார்கள். மனுக்களைப் பரிசீலிக்கும்படி 2019-ல் கோர்ட்டு சொன்னது. சட்டமோ அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்கிறது. அப்படிப்பட்டவர் பதிவு கேட்டு மனுப் போடவே வழியில்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் இல்லை. 2025-ல் ஒரு சலுகை கிடைத்தது: 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது. தண்டனைதான் இல்லை, குடியுரிமையும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்த வேலியில் ஒரு பகுதி அஸ்ஸாமுக்காகக் கட்டப்பட்டது. அங்கே எல்லை தாண்டி வந்தவர்கள் பெருகிவிட்டார்கள் என்று கிளர்ச்சி நடந்தது. 1985-ல் அஸ்ஸாம் ஒப்பந்தம். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டத்தில் திருத்தம். இந்திய மண்ணில் பிறந்தாலே பிரஜை என்ற விதி 1987 ஜூலை 1-ந் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு 2004 டிசம்பர் தொடக்கம் வரை பிறந்தவருக்குத் தாயோ தகப்பனோ இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும் என்று விதி இருந்தது.

பிரம்மபுத்திரா கரையில் போட்ட வேலி ராமேசுவரம் கடற்கரை வரை நீண்டுவிட்டது. மண்டபம் முகாமில் 1987 ஜூன் மாதம் பிறந்த அகதிக் குழந்தை இந்தியப் பிரஜை. அடுத்த குடிசையில் ஜூலையில் பிறந்த குழந்தை அந்நியர்.