கம்ப்யூட்டர் "முடியாது" என்று சொன்னால்...



2011-ல் தொடங்கி மாணவர்களுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி, கொரட்டூர் பக்கம் சில வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டு இருக்கிறது. சிலர் குழுக் கணக்கையும் அதில்தான் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பழசானதால் "இடம் இல்லை" என்று காட்டும். உடனே பிள்ளைகள் சி டிரைவைத் திறந்து, பெயர் புரியாத ஃபைலை எல்லாம் அழிக்கப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் "அனுமதி இல்லை" என்று சொல்லும். சொன்னால் விட்டுவிடுங்கள்.

விண்டோஸ் என்ற ஃபோல்டரில் இருப்பவைதான் கம்ப்யூட்டரை எழுப்பி வேலை செய்ய வைக்கிறவை. அதில் முக்கியமானது ஒன்று போனாலும் மறுநாள் ஆன் ஆகாமல் போகலாம். நம்ம குழுப் பணத்தை ஊக்குநர் ஒருத்தர் கையெழுத்தில் மட்டும் வங்கியில் எடுக்க முடியுமா? அதே மாதிரிதான் இதுவும். 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டாவில் இருந்து, கம்ப்யூட்டர் நம்முடையதாகவே இருந்தாலும் இந்த ஃபைல்களை நேரடியாக அழிக்க முடியாதபடி பூட்டு இருக்கிறது. பூட்டை உடைக்கும் வழியை யாராவது வீடியோவில் காட்டினாலும் செய்யாதீங்க.

பூட்டு இவ்வளவு கெட்டியாக இல்லாத காலத்தில், 2002-ல், உலகம் முழுக்க ஒரு இ-மெயில் சுற்றியது. "கரடி பொம்மைப் படம் போட்ட ஒரு ஃபைல் உங்க கம்ப்யூட்டரில் இருக்கும், அது வைரஸ், அழித்துவிடுங்கள், தெரிந்தவர்கள் எல்லாருக்கும் சொல்லுங்கள்" என்று. தேடிப் பார்த்தால் கரடி நிஜமாகவே இருந்தது! அதனால்தான் நம்பினார்கள். ஆனால் அது விண்டோஸோடு சேர்ந்தே வந்த ஃபைல். ஜாவா நிரல் எழுதுகிறவர்களுக்கு மட்டும் தேவைப்பட்டதால், அழித்தவர்களில் பலருக்குப் பெரிய சேதம் இல்லை. இப்போது வாட்ஸ்அப்பில் வருவதும் இதே ரகம்தானே?

இடம் வேண்டுமானால் பழைய சினிமா, போட்டோவை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். டிஸ்க் கிளீனப் என்று விண்டோஸிலேயே இருக்கிறது, அதை ஓட்டுங்கள். தவறி ஏதாவது அழித்துவிட்டால் முதலில் ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

ஆன் ஆகாமலே போனால் கடைக்காரர் விண்டோஸைப் புதிதாகப் போடுவார். அப்போது சி டிரைவில் வைத்த சேமிப்பு, கடன் கணக்கும் சேர்ந்து போய்விடும். "முதலில் என் ஃபைலை பென் டிரைவில் எடுத்துக் கொடுங்க அண்ணா" என்று கேட்டு, கையில் வாங்கிக்கொண்டு அப்புறம் வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.