ஈயத்துக்கு மாற்று எங்கே?

புது தில்லி: மின்னணுப் பொருள்களில் ஈயம் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கலாகாது என்கின்றன மத்திய அரசின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள். ஆனால், அழுத்தமின் பீங்கான்களுக்கு 2016-ஆம் ஆண்டு விதிகளிலேயே விலக்கு அளிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006-இல் நடைமுறைக்கு வந்த தடையிலும் இதே சலுகை இடம்பெற்றது.

காரணம், ஈடான மாற்றுப் பொருள் எளிதில் கிடைக்கவில்லை. ஒலிப்பான் முதல் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வரை பெரிதும் பயன்படுவது ஈய சிர்கோனேட் டைட்டனேட் என்னும் உலோக ஆக்சைடு. அதன் எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் ஈயமே. அழுத்தினால் மின்னூட்டம் தரும். மின்னழுத்தம் அளித்தால் அதிரும்.

அணு அடுக்கில் சமச்சீர் மையம் இல்லாத படிகங்களுக்கே இப்பண்பு வாய்க்கும். 32 படிக வகுப்புகளில் 21-க்கு அம்மையம் கிடையாது. எனினும், பெரும்பாலான ஆக்சைடுகள் மையம் உள்ளவையே. ஈயமில்லாத பேரியம் டைட்டனேட்டில் டைட்டானியம் அணு நடுவிலிருந்து விலகி நிற்கிறது. சுமார் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பண்பு மறைந்துவிடுகிறது.

எனவே, மையமற்ற ஆக்சைடுகளைத் திட்டமிட்டு வடிவமைக்கும் முயற்சி தொடர்கிறது. 2004-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பொட்டாசியம் சோடியம் நியோபேட் வகைப் பீங்கானில் ஈயத்துக்கு நிகரான திறனைக் காட்டினர். ஆக்சிஜன் கூண்டுகளைச் சாய்த்தும் மையத்தை அகற்றலாம் என 2011-இல் அமெரிக்காவின் நிக்கோல் பெனடெக், கிரெய்க் ஃபென்னி ஆகியோர் கணக்கிட்டனர்.

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் 2023-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, ஐந்தாண்டுகளுக்கு ரூ.50,000 கோடி என்று மதிப்பிடப்பட்டது. அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வரவேண்டும். இத்தகைய அடிப்படை ஆய்வுக்கு அதில் எவ்வளவு சேரும் என்பதே கேள்வி. விலக்கை ரத்து செய்ய ஓர் அறிவிக்கை போதும். மாற்றுப் படிகத்தை ஆய்வகம்தான் தரவேண்டும்.