மைசூருக்குப் போகிறீர்களா? பில்லை விட்டுவிட்டு வராதீர்கள்

“பேலஸ் இன்னிக்கு மதியத்துக்கு மேலதான் சார் திறப்பாங்க. அதுவரைக்கும் சில்க் ஃபேக்டரி காட்டுறேன், அம்பது ரூபா குடுங்க போதும்.” வெளியூரில் தமிழ் காதில் விழுந்ததும் மனம் இளகி, நண்பர்கள் கூட்டமாக ஆட்டோவில் ஏறிவிடுகிறோம். அரண்மனை எல்லா நாளும் காலை 10 மணிக்குத் திறந்துவிடும். ஐம்பது ரூபாய்க்கு ஊர் சுற்றிக் காட்டுகிறவருக்கு மீதிக் கூலியைக் கொடுப்பது கடைக்காரர். அது உங்கள் சேலை விலையில் ஏறும்.

மைசூர் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. கர்நாடக அரசின் பட்டுத்தொழில் கழகம் விற்கும் ஒவ்வொரு சேலையிலும் தனி எண் உண்டு. மற்ற கடைகளில் ‘சில்க் மார்க்’ முத்திரையாவது இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கடையானாலும் பில்லில் ‘தூய பட்டு’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் சேலையைத் திருப்பி வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு போலி என்று தெரிந்தால்? ‘இதுக்காக மறுபடி மைசூருக்கு அலையணுமா’ என்றுதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லிப் பார்க்கலாம். தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினாலும் இதே எண்தான்.

கடை முடிந்து கோயில் பார்க்கப் போனால் நமக்கும் சட்டம் உண்டு. மைசூர் அருகே உள்ள சோமநாதபுரம் கேசவர் கோயில் 2023 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். மாவுக்கல்லில் நகைவேலை போலச் செதுக்கிய ஹொய்சாளச் சிற்பிகளில் ஒருவரான மல்லிதம்மா, தன் சிலைகளின் கீழே பெயரைப் பொறித்திருக்கிறார். அவருக்கு அந்த உரிமை உண்டு, சுவரில் சாவியால் இதயம் கீறுகிறவருக்கு இல்லை. எகிப்தில் பிரமிடு மேல் ஏறினால் சிறைத் தண்டனைகூடக் கிடைக்கலாம். நம் சட்டமும் சளைத்ததல்ல: பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. இலங்கையிலிருந்து வந்த சொந்தக்காரர் கூட இருந்தால், சார்க் நாட்டவர் என்ற முறையில் அவருக்கும் இந்தியக் கட்டணமே. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

பணம் போனால் வழக்குப் போட்டு மீட்கலாம். காவிரியில் போன உயிருக்கு அப்படி ஒரு வழியில்லை. கே.ஆர்.எஸ். அணை 124.8 அடியைத் தொட்டது, மேட்டூருக்குத் தண்ணீர் வருகிறது என்று நாம் பேப்பரில் படித்து மகிழும் நாட்களில்தான் பால்முரி நீர்வீழ்ச்சியும் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படித்துறைகளும் மிக ஆபத்தானவை. திறந்துவிட்ட தண்ணீர் முதலில் பாய்வது அந்த வழியாகத்தான். முழங்கால் அளவு என்று இறங்கிய இடத்தில் நீர்மட்டம் சட்டென்று ஏறும், பாறையிலோ பாசி. தடைப் பலகையைத் தாண்டிப் போய் செல்ஃபி எடுக்கிற நண்பனை இழுத்துப் பிடியுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அவசரத்துக்கு 112.

ஞாயிறு இரவு ஏழு மணிக்கு அரண்மனை விளக்குகள் எரிவதைப் பார்த்துவிட்டு ஊட்டி வழியாகத் திரும்பலாம் என்று திட்டம் போடாதீர்கள். அந்த வழியிலுள்ள பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். மாற்று வழியான திம்பம் மலைப்பாதையிலும் இரவுத் தடை உண்டு. விளக்குகளைப் பார்ப்பதென்றால் மைசூரிலேயே தங்கிவிடுங்கள்.

பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது.