துருப்பிடித்த மட்டையும் துடைத்த மட்டையும்

மன்னார்த் தீவில் இரும்புக்கு ஆயுள் குறைவு. பேசாலையிலோ தலைமன்னாரிலோ கடலோரத்து வீடொன்றின் கதவுக் கீலைப் பார்த்தாலே இவ்வுண்மை விளங்கும். உப்புக் காற்று ஓயாமல் வீசும் அம்மண்ணில் கத்தியையும் திருவலையையும் கழுவியவுடன் துடைத்து வைப்பது இல்லத்தரசிகளின் வழக்கம். ஒரு நாள் மறந்தாலும் மறுநாள் செம்மை படர்ந்துவிடும்.

அவ்வாறிருக்க, விலை கொடுத்து வாங்கிய இரும்பை வேண்டுமென்றே துருப்பிடிக்க விடுவோரும் உலகில் உண்டென்றால் நம்புவீர்களா? உண்டு. அவர்கள் கோல்ஃப் ஆட்டக்காரர்கள்!

மன்னார் கோல்ஃப் ஆட்டத்துக்குப் பேர்போன ஊரன்று. ஆயினும் அவ்வாட்டம் வளர்ந்த ஸ்கொத்லாந்துக் கரையும் மணல் மேடும் உப்புக் காற்றும் நிறைந்ததே. நம் நாட்டில் 6,000 அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவில் 1889ஆம் ஆண்டிலேயே கோல்ஃப் கழகம் தோன்றிவிட்டது. மூடுபனியும் மழையும் அங்கே அழையா விருந்தாளிகள். நனைந்த புல்லில் பந்தை அடிப்பது எப்படி என்ற கேள்வி அங்கு ஆடுவோர்க்குப் புதிதன்று.

பந்து சுழல்வது எவ்வாறு?

குழிக்கு அண்மையிலிருந்து பந்தை உயர எழுப்பி, விழுந்த இடத்தருகே நிற்கச் செய்யும் மட்டைக்கு 'வெட்ஜ்' என்று பெயர். அதன் முகம் பின்புறம் நன்கு சாய்ந்திருக்கும். பந்து அம்முகத்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கே. அதற்குள் முகம் பந்தைப் பற்றிப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும். பற்றுவது உராய்வு, உராய்வைக் கெடுப்பது நீர்.

நனைந்த மீன் கையினின்று நழுவுவதை அறியாதார் யார்? மட்டைக்கும் பந்துக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் புகுந்தால் அதே கதைதான். பந்து வழுக்கி, வழக்கத்தினும் உயர எழும், சுழற்சி குன்றும், தரையில் விழுந்தபின் நில்லாமல் ஓடும். சில மட்டைகளில் சுழற்சி பாதிக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு.

மேற்பூச்சின் பங்கு என்ன?

வெட்ஜ் மட்டைகள் பலவகைப் பூச்சுகளுடன் விற்பனைக்கு வருகின்றன. பளபளக்கும் குரோமியப் பூச்சு ஒன்று; கருநிறப் பூச்சு மற்றொன்று; பூச்சே இன்றி எஃகை வெறுமையாக விடுவது இன்னொன்று. வெறும் எஃகு துருப்பிடிக்கும். அத்துருவின் சொரசொரப்பு பந்தை இறுகப் பற்றும் என்பது ஆட்டக்காரர் பலரின் நம்பிக்கை.

இந்நம்பிக்கை முழு உண்மையன்று. மெல்லிய துரு சுழற்சியைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டுவதில்லை. வெயிலில் கண் கூசாமை வெறும் எஃகின் மெய்யான நன்மை. மழையில் பந்தைப் பற்றுவன முகத்தில் வெட்டிய வரிப்பள்ளங்களும், அவற்றிடையே உள்ள நுண்ணிய சொரசொரப்புமே. பேருந்துச் சக்கரத்தின் வெட்டுகள் மழைநீருக்கு வழிவிடுவதுபோல, இப்பள்ளங்கள் நீரையும் புற்சாற்றையும் ஒதுக்குகின்றன. விதிகளின்படி அவற்றின் அகலம் 0.9 மில்லிமீற்றருக்கும், ஆழம் 0.508 மில்லிமீற்றருக்கும் மேற்படலாகாது. 2010இல் உயர்நிலைப் போட்டிகளில் நடைமுறைக்கு வந்த புதிய விதி, பள்ளத்தின் விளிம்புக் கூர்மைக்கும் கட்டுப்பாடு விதித்தது.

அப்படியாயின் பூச்சினால் பயனே இல்லையோ எனின், ஒருவகையில் உண்டு. பிங் நிறுவனத்தார் 'ஹைட்ரோபேர்ல்' என்னும் குரோமியப் பூச்சொன்றை வெளியிட்டனர். தாமரை இலைத் தண்ணீர்போல நீர் ஒட்டாமல் உருண்டோடச் செய்வதே அதன் நோக்கம். ஆகவே பூச்சை மதிப்பிடும்போது, அதன் நிறத்தையும் பளபளப்பையும் விடுத்து, அது நீரை எவ்வாறு நடத்துகிறது என்பதையே நோக்க வேண்டும்.

கடலோரத்தார் கவனத்துக்கு

உப்பு இரும்பின் பகை. நுவரெலியாவில் மெதுவாகப் படரும் துரு, கடலோரத்தில் விரைந்து அரிக்கும். துரு தடித்துச் செதில்செதிலாய் உதிருமாயின், பள்ளங்களின் விளிம்பும் உடன் தேயும். விளிம்பு மழுங்கிய மட்டை நனைந்த புல்லில் கைகொடாது. எனவே கடலருகே வாழ்வோர்க்குக் குரோமியப் பூச்சே உகந்தது. பழைய மட்டையை வாங்குவோர் அதன் நிறத்தில் மயங்காமல், வரிப்பள்ளங்களை விரல் நகத்தால் வருடிப் பார்த்து வாங்குவராக.

எல்லாவற்றிலும் மேலான மருந்து மலிவானது. அது ஓர் உலர்ந்த துவாய். ஒவ்வோர் அடிக்கும் முன்னர் மட்டை முகத்தை அதனால் துடைத்து, பள்ளங்களில் அடைந்த மண்ணை நீக்கிவிட்டால், இழக்கவிருந்த சுழற்சியில் பெரும்பகுதி மீளும். விதி இடந்தரும்போது பந்தையும் துடைத்துக்கொள்ளலாம்.

ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்துப் புதுப் பூச்சு மட்டையைத் தேடுவோர்க்கு, திருவலையைத் துடைத்து வைக்கும் மன்னார்த் தாய் சொல்லாமல் சொல்லும் பாடமும் இதுவே: இரும்பு எதுவாயினும், ஈரத்தோடு விடாதே!