கார்ட் ரேஸ்: ஜெயிப்பது திறமையா, அதிர்ஷ்டமா?

விடுமுறை நாட்களில் கம்ப்யூட்டரில் கார்ட் ரேஸ் விளையாடும் வீடுகளில் ஒரு சண்டை கட்டாயம் வரும். எங்கள் கோவை வீட்டிலும் உண்டு. எட்டு வயது அக்கா மகள் ஜெயித்தால், அவளுடைய அண்ணன், "மாமா, இவளுக்கு வெறும் லக்குங்க" என்பான். அடுத்த ஆட்டத்திற்கு அவள் வரமாட்டாள். அவன் சொல்வது எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்போம்.

1992ல் வந்த சூப்பர் மாரியோ கார்ட் இவ்வகை கேம்களுக்கு வழிகாட்டி. நம் கம்ப்யூட்டருக்கு, இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் கேமான சூப்பர்டக்ஸ்கார்ட் ஏற்றது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். ஒரே திரையைப் பிரித்து இருவர் விளையாடலாம்.

வழியில் உள்ள பரிசுப் பெட்டியில் மோதினால் ஒரு பொருள் கிடைக்கும். இது முழுக்கக் குருட்டு அதிர்ஷ்டம் அல்ல. கேமின் டேட்டா போல்டரில் பவர்அப் என்ற எக்ஸ்எம்எல் பைல் உள்ளது. அதனை நோட்பேடில் திறந்து பாருங்கள். எந்த இடத்தில் ஓடுபவருக்கு எந்தப் பொருள் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பது எண்களாகத் தரப்பட்டிருக்கும். பின்தங்கியவருக்கு முன்னேற உதவும் பொருட்கள் கூடுதலாகக் கிடைக்கும். புதியவர்கள் மனம் தளராமல் விளையாட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது.

ஆனால் கிடைத்த பொருளை எப்போது பயன்படுத்துவது என்பது திறமை. உதாரணமாக, பபிள்கம்மை உடனே வீணாக்காமல் வைத்திருந்தால், தாக்குதல் வரும்போது கவசமாக்கிக் கொள்ளலாம். வளைவில் சறுக்கி வேகம் பெறுவதும், நைட்ரோவைச் சேர்த்து நேரான பாதையில் செலவிடுவதும் பழக்கத்தால் வருபவையே.

அப்படியானால் அதிர்ஷ்டத்தை எப்படிக் குறைப்பது? சின்னக் கணக்கு போடுவோம். இருவரில் திறமையானவர் ஒரு ரேஸில் ஜெயிக்க 60 சதவீத வாய்ப்பு என்று வைத்துக் கொள்வோம். மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும் என்றால், அவருக்கான வாய்ப்பு ஏறத்தாழ 65 சதவீதமாகும். ஏழில் நான்கு என்றால் 71 சதவீதம். ஆட்டங்கள் கூடக் கூட அதிர்ஷ்டத்தின் பங்கு குறைகிறது. அப்போதும் 29 சதவீதம் மற்றவருக்கு இருப்பதைக் கவனியுங்கள். ஒரே ஒரு ரேஸை வைத்து யாரையும் கெட்டிக்காரர் என்றோ, லக்கில் ஜெயித்தவர் என்றோ சொல்ல முடியாது.

திறமையை மட்டும் சோதிக்க வேண்டுமா? டைம் ட்ரையல் என்பதனைத் தேர்ந்தெடுங்கள். இதில் பரிசுப் பெட்டிகள் கிடையாது. ஓட்டும் திறனுக்கு மட்டுமே வேலை. ஒரே டிராக்கில் தினமும் ஓட்டி, நேரத்தை நோட்டில் குறித்து வாருங்கள். நேரம் குறைந்து கொண்டே வந்தால் அது நிச்சயம் லக் அல்ல.

பார்முலா 1ல் 2005ல் களமிறங்கிய முதல் இந்தியர் நாராயண் கார்த்திகேயன் நம் கோவைக்காரர். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே உள்ளது. நிஜ ரேஸிலும் மழை, இன்ஜின் கோளாறு என அதிர்ஷ்டம் உண்டு. அதனால்தான் சாம்பியன் பட்டம் ஒரே ரேஸில் முடிவாவதில்லை. பல ரேஸ்களின் புள்ளிகளைக் கூட்டித் தருகிறார்கள்.

வீட்டிலும் அதே முறையைப் பின்பற்றலாம். பட்டத்திற்கு, பல டிராக்குகளின் புள்ளிகளைக் கூட்டும் கிராண்ட் ப்ரீ; பயிற்சிக்கு டைம் ட்ரையல்; சின்னவர்களுடன் சிரித்து விளையாடப் பரிசுப் பெட்டிகளுடன் சாதாரண ரேஸ். எதற்காக விளையாடுகிறோம் என்பதனை முதலிலேயே பேசிக் கொண்டால் பாதிச் சண்டை குறைந்துவிடும்.